புயலைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிய கதை

வானொலிக் காலத்துத் தமிழர்களுக்கு ஒரு செய்தி மனப்பாடம். நாகப்பட்டினம், கடலூர் துறைமுகங்களில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது. வாசிப்பவர் குரலில் பதற்றமே இருக்காது. கேட்கும் பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். கூண்டின் எண் ஏற ஏறப் பள்ளிக்கூட விடுமுறை நெருங்கும். யாரோ புயலைப் பிடித்துக் கூண்டில் போட்டுக் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று நம்பிய தலைமுறை ஒன்று உண்டு. அதில் கணிசமான பேர் வளர்ந்து, வேலை தேடி ரயிலேறி, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறினார்கள். ஜூன் மாதம் பம்பாய் மழையைப் பார்த்து மிரண்டு, 'இங்கே கூண்டு எத்தனாம் நம்பர்?' என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள்.

கூண்டு இங்கேயும் உண்டு. நமக்குத்தான் இல்லை. அது முழுக்க முழுக்கக் கப்பல்காரர்களுக்கான சமாச்சாரம். ஒன்று என்றால் எங்கோ தூரத்தில் ஏதோ உருவாகிறது, பயப்படாதே. பத்து என்றால் பயப்பட நேரம் இல்லை. பதினொன்று இருக்கிறதே, அதுதான் உலகத்திலேயே நேர்மையான அரசாங்க அறிவிப்பு: வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இங்கே இருப்பவர் பார்வைக்கு நிலைமை சரியில்லை, அவரவர் குலதெய்வத்தைக் கூப்பிடலாம். ஒன்று முதல் பதினொன்று வரை தேடினாலும், 'தாராவியில் தகரக் கூரை போட்டவர்கள் கவனத்துக்கு' என்று ஓர் எண் கிடையாது.

காரணம் எளிது. மனிதர்கள் நனைகிறார்களே என்ற இரக்கத்தில் யாரும் வானிலை பார்க்கத் தொடங்கவில்லை. சரக்கு நனைந்தால் நஷ்டம் யார் தலையில் என்ற கேள்வியில் தொடங்கினார்கள். இந்த ஒரே சாவியை வைத்துப் பம்பாயின் இருநூறு வருஷப் பூட்டுகளைத் திறந்துவிடலாம்.

முதலில் கோலிகள். வெள்ளைக்காரன் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தீவுகளில் மீன் பிடித்தவர்கள். தாராவியே அவர்களுடைய பழைய கோலிவாடாக்களில் ஒன்று. தோல் பதனிடத் திருநெல்வேலிக்காரர்கள் வந்தது பிற்பாடு. கோலிகளுடைய வானிலை மையத்துக்கு ஆண்டுச் செலவு ஒரு தேங்காய். மழை வந்தால் படகைக் கரையேற்றிவிடுவார்கள். ஆவணி அவிட்டத்தன்று மாட்டுங்காவில் பூணூல் மாற்றுகிறார்களே, அதே பௌர்ணமியில் கோலிகளுக்கு நாரளி பூர்ணிமா. கடலுக்குத் தேங்காய் கொடுத்துவிட்டுப் படகை இறக்குவார்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு இன்று அரசாங்கம் தடை போடுகிறது. விஞ்ஞானம், கோப்பு, கையெழுத்து, முத்திரை எல்லாம் தாண்டித் தேங்காய்க்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேங்காயில் நம்பிக்கை இல்லை. 1826-ல் கொலாபாவில் ஆப்சர்வேட்டரி கட்டியது. நட்சத்திரங்கள்மேல் காதல் என்று நினைத்துவிட வேண்டாம். நடுக்கடலில் ஒரு கப்பல் தான் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கச் சரியான கடிகாரம் வேண்டும். கடிகாரத்தைச் சரிபார்க்க நட்சத்திரம் வேண்டும். துறைமுகத்தில் குறித்த நேரத்துக்கு ஒரு பந்து கம்பத்திலிருந்து விழும். மாலுமிகள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வானம், பூமி, கிரகம் எல்லாம் கடைசியில் ஒரு பந்தை நேரத்துக்குக் கீழே போடுவதற்காக உழைத்தன.

வேலைக்கு வந்த முதல் வானியலாளர் ஜான் கர்னின். வந்தவர் கருவிகளைச் சோதித்தார். சோதித்ததுதான் தப்பு. இது சரியில்லை, அது சரியில்லை என்று எழுதினார். கம்பெனிக்கு இதில் எளிய தீர்வு ஒன்று இருந்தது: கருவியை மாற்றினால் செலவு, ஆளை மாற்றினால் மிச்சம். 1828-ல் அவருடைய வேலை போயிற்று. 1841-ல் எல்பின்ஸ்டன் கல்லூரிப் பேராசிரியர் ஆர்லிபார் பொறுப்பேற்றுக் காந்தப் புலத்தையும் வானிலையையும் ஒழுங்காகக் குறிக்கத் தொடங்கினார். இன்றைக்கும் டிவியில் 'கொலாபாவில் இத்தனை மில்லிமீட்டர்' என்கிறார்களே, அந்தப் பரம்பரையின் மூத்த தாத்தா அவர்தான்.

இந்த ஆப்சர்வேட்டரியின் வீரத்துக்கும் ஒரு எல்லை இருந்தது. அரபிக்கடலுக்குப் பயப்படாத காந்த ஊசி, டிராம் வண்டிக்குப் பயந்தது. பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, வந்தால் ஊசி தாறுமாறாக ஆடும் என்று தெரிந்ததும், ஆப்சர்வேட்டரியின் முதல் இந்திய இயக்குநர் நானாபாய் மூஸ் காலத்தில் காந்தப் பிரிவு 1904-ல் அலிபாகுக்குப் போய்விட்டது. டிராம் ஓடியது 1907-ல். இந்த ஊரில் தொல்லை வருவதற்கு மூன்று வருஷம் முன்பே வீட்டைக் காலி செய்த ஒரே குடித்தனக்காரர் அந்த ஊசிதான்.

'கடல் என்றால் ஆபத்து சரி. ஆறு, ஏரியில் என்ன வந்துவிடப் போகிறது?' என்று கேட்கிற மாமாக்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களை மாஹிமுக்குக் கூட்டிப் போக வேண்டும். விஹார், பவாய் ஏரிகளின் பக்கமிருந்து வரும் மித்தி ஆறு தாராவியை உரசிக்கொண்டு கடலில் கலக்கும் இடம். அந்தப் பக்கம் பாந்த்ரா, இந்தப் பக்கம் மாஹிம், நடுவில் படகுச் சவாரி. 1841-ல் பதினைந்து இருபது பயணப் படகுகள் அங்கே கவிழ்ந்தன; பலர் மூழ்கினார்கள். ஒரு பாலம் போடலாமே என்று கேட்டதற்கு, அரசாங்கம் எப்போதும் சொல்வதைச் சொன்னது: பணம் இல்லை. பம்பாய் வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி ஆவாபாய் தன் கையிலிருந்து 1,57,000 ரூபாய் எடுத்துக் கொடுத்து, சுங்கம் வாங்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார். 1845-ல் மாஹிம் காஸ்வே திறந்தது. ஆற்றையும் காற்றையும் கவனித்து எப்போது படகு விடலாம் என்று சொல்ல ஓர் ஆளை வைப்பதற்குப் பதில், ஆற்றுக்கு மேலேயே சாலையைப் போட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார்கள். ஆறு அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நூற்றி அறுபது வருஷம் யோசித்துச் சொன்னது. அதற்குப் பிறகு வருவோம்.

நல்ல தண்ணீரின் குணம் தெரிய வேண்டுமானால் வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளைக் கேட்க வேண்டும். உப்பு ஒரு சிட்டிகை கிடையாது. ஆனால் 1869-ல் மட்டும் அங்கே பதிவான கப்பல் விபத்துகள் 1,914. உயிரிழந்தவர்கள் 209 பேர். மில்வாக்கி நகரில் இன்க்ரீஸ் லாபம் என்று ஒரு விஞ்ஞானி. பேரிலேயே லாபம் இருந்தும் கணக்குப் போட்டது நஷ்டத்தை. புயல் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, தந்தி அதைவிட வேகமாகப் போகிறது, முன்கூட்டிச் சொன்னால் என்ன என்று மனுப் போட்டார். உயிர்க் கணக்கோடு சரக்குக் கணக்கும் சேர்ந்தவுடன் நாடாளுமன்றத்துக்குக் காது திறந்தது. 1870 பிப்ரவரியில் சட்டம். நவம்பர் 8-ம் தேதி லாபமே பேரேரிகளுக்கு முதல் புயல் எச்சரிக்கையை எழுதினார். அமெரிக்க தேசிய வானிலைச் சேவை பிறந்தது இப்படித்தான், ஏரிக் கப்பல்களின் புண்ணியத்தில்.

அந்த ஏரிகளில் காற்று மட்டுமல்ல, தண்ணீரின் உயரமும் காசு. ஆயிரம் அடி நீளக் கப்பல் ஒன்றுக்கு ஏரி ஓர் அங்குலம் இறங்கினால், 250 டன்னுக்கு மேல் சரக்கைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அதனால் நீர்மட்டத்தை நம் ஊர் நகைக்கடைக்காரர் தராசைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தும் 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரி, இரும்புத்தாது ஏற்றிய எட்மண்ட் ஃபிட்ஜெரால்டு கப்பலை 29 பேரோடு இழுத்துக்கொண்டது.

இந்தியாவில் ஆற்றுத் துறைமுகம் என்றால் கல்கத்தா. ஹூக்ளி ஆற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம்: மணல்திட்டை நேற்று வைத்த இடத்தில் இன்று வைக்காது. 1694-ல் ஒரு கப்பலை விழுங்கிய திட்டுக்கு அந்தக் கப்பலின் பேரையே வைத்து 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்று கூப்பிட்டார்கள். ஆழம் பார்த்து, ஆழம் பார்த்து, வழிகாட்டும் பைலட்டுகளுக்குக் கொட்டிக் கொடுத்துத்தான் கப்பலைக் கரை சேர்க்க வேண்டும். இந்தத் தினசரித் தலைவலி தாங்காமல், 1850-களில் துரைமார்களுக்கு ஒரு யோசனை உதித்தது. ஹூக்ளியை அளந்துகொண்டே இருப்பானேன்? தெற்கே மாத்லா என்று இன்னோர் ஆறு ஆழமாக இருக்கிறதே, அங்கே புதிதாகத் துறைமுகம் கட்டிவிட்டால் என்ன?

கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்று ஒருவர் இருந்தார். பழைய மாலுமி. வேலை ஒன்று, வெறி புயல்மேல். கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேர்த்துச் சேர்த்து, புயல் வட்டமாகச் சுழல்கிறது என்று படம் போட்டுக் காட்டி, 'சைக்ளோன்' என்று உலகம் முழுக்கச் சொல்லும் பேரையும் வைத்தவர். அவர் 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குக் கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: அந்த இடத்தில் துறைமுகம் வேண்டாம், ஒருநாள் புயல் வரும், 5 முதல் 15 அடி உயரத்துக்கு உப்புத் தண்ணீர் ஊருக்குள் உருண்டு வரும், ஊர் போய்விடும்.

கடிதம் போன இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க நமக்கு ஆவணக் காப்பகம் வேண்டாம். ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஒரு வாரம் வேலை பார்த்திருந்தால் போதும்.

'யார் இவர்?'

'புயல் பைத்தியம், ஐயா.'

'கமிட்டியில் இருக்கிறாரா?'

'இல்லை, ஐயா.'

'கோப்பில் சேர்த்துவிடு.'

சேர்த்துவிட்டார்கள். பிடிங்டன் 1858-ல் காலமானார். ஊருக்கு அடுத்த கவர்னர் ஜெனரலின் பேரில் போர்ட் கேனிங் என்று நாமகரணம் ஆயிற்று. ரயில் போட்டார்கள், துறை கட்டினார்கள். 1864 அக்டோபர் 5-ம் தேதி ஒரு பெரும்புயல் ஹூக்ளி வழியே ஏறிக் கல்கத்தாவை அடித்தது. ஆற்றில் நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் கரையில் குவிந்தன. சுமார் 60,000 பேர் செத்தார்கள். பிடிங்டன் சொன்னதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டாம். துறைமுகத் திட்டத்தை இத்தோடு மூட்டை கட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்?

இங்கேதான் நம் பம்பாய் மேடையேறுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்றுபோய், இந்தியப் பருத்திக்கு விலை ஏறி, ஊரெல்லாம் பணம். பணத்தை வைக்க இடம் இல்லாமல் தினம் ஒரு கம்பெனி. பேக்பேயில் கடலைத் தூர்க்க ஒரு கம்பெனி, மசகாவில் தூர்க்க ஒன்று. அந்த ஜோரில் தரகர் பிரேம்சந்த் ராய்சந்த் தும்மினால் பங்கு விலை ஏறும். கல்கத்தாப் புயலுக்குப் பிந்தைய சில மாதங்களில், போர்ட் கேனிங் கம்பெனியின் பங்கைப் பம்பாய்க்காரர்கள் போட்ட காசுக்குப் பல மடங்கு கொடுத்து அள்ளினார்கள். மாத்லா ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்று வாங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? கேட்பது அநாகரிகம். பங்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரிந்தால் போதாதா? தண்ணீரின் ஆழம், காற்றின் வேகம், கடலின் ஏற்றம் எல்லாவற்றையும் அளக்கக் கருவி இருந்தது. ஆனால் அன்றைக்கு எல்லாரும் நம்பிய கருவி தரகரின் குரல்தான்.

1865 வசந்தத்தில் அமெரிக்காவில் சமாதானம் வந்தது. உலகம் மகிழ்ந்தது, பம்பாய் அழுதது. பருத்தி விலை விழுந்தது, பங்கு விழுந்தது, பிரேம்சந்தும் விழுந்தார். (அவர் கொடுத்திருந்த நன்கொடையில் எழும்பிய ராஜாபாய் கோபுரம் மட்டும் விழவில்லை, மணி சொல்லிக்கொண்டு நிற்கிறது.) பங்குச் சந்தை மிச்சம் வைத்ததை 1867 நவம்பர் தொடக்கத்தில் புயல் வந்து எடுத்துக்கொண்டது. கடல் மாத்லா வழியே ஏறி, போர்ட் கேனிங்கைச் சுருட்டிப் போட்டது. தண்ணீர் ஏறிய உயரம் சுமார் ஆறு அடி. பிடிங்டன் சொன்ன வரம்பில் குறைந்தபட்சத்தைக் கொஞ்சம் தாண்டிய உயரம்தான். ஆற்றுக்கும் ஏதோ இரக்கம் இருந்திருக்கிறது. அதன்பிறகு கப்பல் வரவு தேய்ந்து, துறைமுகம் கைவிடப்பட்டது. இன்றைக்குக் கேனிங் என்பது சுந்தரவனத்துக்குப் போகிறவர்கள் ரயிலைவிட்டு இறங்குகிற ஊர்.

இத்தனை பட்ட பிறகுதான் சர்க்காருக்குப் புத்தி வந்தது. கல்கத்தாத் துறைமுகத்துக்கு 1865-ல் புயல் எச்சரிக்கை ஏற்பாடு. 1875-ல் ஹென்றி பிளான்ஃபோர்டு தலைமையில் இந்திய வானிலைத் துறை. 1898-ல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரி அடையாளங்கள். நாம் விடுமுறைக்காக வேண்டிக்கொண்ட கூண்டின் பூர்விகம் இதுதான்.

பார்த்து எழுதி வைப்பதன் பெருமை சில சமயம் விசித்திரமாக வெளிப்படும். உலகின் பயங்கரப் புயல்கள் என்று போடும் பட்டியல்களில் ஒரு பதிவு நெடுங்காலமாக உட்கார்ந்திருந்தது: 1882 ஜூன் 6, பம்பாய், ஒரு லட்சம் பேர் பலி. 1881 கணக்கெடுப்பில் இந்த ஊரின் மக்கள்தொகையே 7,73,196. எட்டில் ஒருவர் செத்திருக்க வேண்டும். அடுத்த நாள் ஒரு பத்திரிகையும் இதைக் கவனிக்கவில்லை, ஒரு கப்பல் முதலாளியும் நஷ்டஈடு கேட்கவில்லை, கொலாபாக் குறிப்பேடு வழக்கம்போல ஜூன் மாதத்து நாளொன்றைக் குறித்துவிட்டுத் தூங்கியிருக்கிறது. காரணம், அப்படி ஒரு புயலே வரவில்லை. கட்டுக்கதை. கர்னினை விரட்டிய அந்தக் கட்டடம், இல்லாத புயலில் செத்த ஒரு லட்சம் பேரையும் உயிர்ப்பித்துக் கொடுத்தது. எந்த மருத்துவமனையும் செய்யாத சாதனை.

இருந்த புயலில்தான் கோளாறு. கப்பலுக்காகக் கொலாபாவில் ஒரு மழைமானி. விமானம் வந்த பிறகு சாந்தாக்ரூஸில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் சுமார் 25 கி.மீ. நீளத்துக்கு ஊர். அதில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர், குர்லா. அங்கே கப்பலும் வராது, விமானமும் இறங்காது, மனிதர்கள்தான் வசிக்கிறார்கள். வானிலைத் துறை கண்ணில் பட அது போதவில்லை.

2005 ஜூலை 26. பிற்பகலில் மழை பிடித்தது. 24 மணி நேரக் கணக்கில் கொலாபாவில் சுமார் 73 மில்லிமீட்டர்; தென்மும்பைக்காரர் குடையை உதறிவிட்டு டீ குடிக்கிற மழை. சாந்தாக்ரூஸில் 944. ஒரே ஊர், ஒரே நாள். நடுவில் இருக்கிற இடங்களில் எவ்வளவு என்று அந்த நேரத்தில் எந்தக் கருவியும் உடனுக்குடன் சொல்லவில்லை. மக்கள் தங்கள் உடம்பாலேயே அளந்துகொண்டார்கள்: மாட்டுங்காவில் முழங்கால், குர்லாவில் கழுத்து. சாலைகளும் கட்டடங்களும் குப்பையும் நெருக்கி நெருக்கிக் கழுத்தைப் பிடித்திருந்த மித்தி ஆறு, அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. கடல் ஏற்றம் வேறு. போக வழியில்லாத தண்ணீர் வீடுகளுக்குள் போயிற்று. மும்பையில் மட்டும் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த இடத்தில் கேலிக்கு வேலை இல்லை. அளக்காத தண்ணீரின் விலை அது.

அதன்பிறகு மாதவ்ராவ் சிதளே தலைமையில் உண்மையறியும் குழு, அறிக்கை. 2006 முதல் மாநகராட்சி ஊரெங்கும் தானியங்கி மழைமானிகளை வைத்தது. காலாண்டு அறிக்கை கேட்டுப் பழகிய ஊருக்குக் கால்மணிக்கொரு கணக்கு வந்தது. பல மானிகள் உட்கார்ந்திருப்பது தீயணைப்பு நிலையங்களின் மேலே. தாராவியில், செம்பூரில் எல்லாம் அப்படித்தான். கூரை உறுதி, ஆள் இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருப்பார், வேறென்ன வேண்டும்? மித்தியின் நீர்மட்டத்தையும் பார்க்கிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. இருநூறு வருஷத்தில் இந்த ஊர் முதன்முறையாக, ஒரு மூட்டைச் சரக்குகூடப் போகாத ஆற்றை, கரையில் இருக்கும் ஆட்களுக்காக அளக்கிறது.

ஆனால் சமத்துவம் வந்தால் எல்லாவற்றிலும் வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் பிடிங்டனின் எச்சரிக்கையைப் படிக்காமல் ஓரம்கட்டுவதற்குக் கவர்னர் ஜெனரலாக இருக்க வேண்டும். பட்டம், மாளிகை, குமாஸ்தா எல்லாம் வேண்டும். இப்போது ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை எல்லாம் மொபைலுக்கே வருகிறது. லோக்கல் ரயிலின் படிக்கட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் அதைத் தள்ளிவிட்டு ஆபீஸுக்குப் போகிறோம். இன்றைக்கு மும்பையில் ஒன்றே கால் கோடி டல்ஹவுசி.